பலவேசம் நலிந்த கதை

தேனி பஜாருக்குப் புத்துயிர் கொடுக்கப் போவதாக அரசாங்கம் அறிவித்த அன்று பஜாரில் கால் வைக்க இடமில்லை. சந்தை நாள். கம்பத்துத் திராட்சைக் கூடைகளும் போடி ஏலக்காய் மூட்டைகளும் வருசநாட்டுப் பஞ்சு வண்டிகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. அந்த நெரிசலுக்குள் ஒரு ஜீப் நுழைந்து என் இரும்புக் கடை வாசலில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் எடுக்க முடியவில்லை. அதன் தலையிலிருந்த ஒலிபெருக்கி மட்டும், "வெறிச்சோடிக் கிடக்கும் இந்தக் கடைவீதியை மீட்டெடுப்போம்!" என்று அரை மணி நேரம் என் காதுக்குள் கத்தியது. கடைசியில் நான்கு சுமைதூக்கிகள் சேர்ந்து தள்ளி அதை மீட்டெடுத்தார்கள்.

எண்பத்திரண்டாம் வருஷம் அது. புதிதாக முளைத்திருந்த அந்த அமைப்பின் பெயர் "நலிந்த கடைவீதிகள் மற்றும் நலிந்த கலைகள் புத்துயிர்ப்பு ஆணையம்". பெயரை எழுதிய பலகைக்கு ஜீப்பில் இடம் போதாமல், "ஆணையம்" மட்டும் தனியாகப் பின்பக்கம் தொங்கியது.

எங்கள் பஜாரின் கடைசியில் ஒரு சிமெண்டு மேடை உண்டு. சந்தை நாள் சாயங்காலம் அங்கே பலவேசம் குழுவின் நாடகம். பலவேசம்தான் பபூன். ராஜா வேஷக்காரர் வருவதற்கு முன்பே வந்து, ஊர் நியாயம், உலக நியாயம் எல்லாம் பேசி வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பது அவர் வேலை. அவரோடு ஆடிப் பாடி மல்லுக்கட்டுகிற பூமாரி, மேடையிலும் பெண்டாட்டி, வீட்டிலும் பெண்டாட்டி. மேடையில் பாதியில் நின்ற சண்டையை அவர்கள் வீட்டில் தொடர்ந்ததும் உண்டு, அடுத்த வாரம் அதையே மேடைக்குக் கொண்டுவந்ததும் உண்டு. லோயர் கேம்ப்பிலிருந்து சாமான் வாங்க வருகிறவர்கள்கூட நாடகம் பார்த்துவிட்டுத்தான் கடைசி பஸ் ஏறுவார்கள். அதுவரை எங்கள் கடைகளும் திறந்திருக்கும்.

அந்த மேடைக்கு இருந்த ஒரே குறை, கூரை இல்லாதது. ஆனி, ஆடியில் போடி மலைச் சாரல் சாய்வாக அடிக்கும். ஆர்மோனியக்காரர் அழகர் தன் சட்டையைக் கழற்றிப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு வெறும் உடம்போடு வாசிப்பார். தகரம் என் கடையில் கிடந்தது. கம்பம் நட ஆள் இருந்தது. போட்டுக் கொடுக்க பஜாரே தயாராக இருந்தது. ஆனால் மேடை அரசாங்கத்தது. அதில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமானாலும் இனிமேல் ஆணையத்தின் அனுமதி வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பலவேசம் அனுமதி கேட்கப் போனார். கேட்டது ஒரு தகரக் கூரை. அது மட்டும்தான்.

ஆணையத்தின் தனி அலுவலர் வைகுண்டராஜ், பஜார் குழுத் தலைவர் சண்முகராஜின் ஏலக்காய் கிடங்கில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு பலவேசமும் பூமாரியும் போனார்கள். அலுவலர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்.

"நீங்கள் நலிந்த கலைஞரா?"

பலவேசத்துக்கு அந்த வார்த்தை தெரியாது. நளினம் தெரியும். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"என்னய்யா இப்பிடிக் கேட்டுப்புட்டீக? இந்தச் சில்லாவுலயே என்னய விட நளினமான ஆளு கெடையாதுய்யா. நடந்து காட்டவா?"

கேட்டதோடு நிற்கவில்லை. துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே குடம் சுமந்த குமரி மாதிரி ஒரு நடை நடந்தார். தொப்பை ஒரு பக்கமும் இடுப்பு ஒரு பக்கமும் போயின. ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் முறத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"இந்த நளினத்தப் பாத்துத்தான்யா நானே கழுத்த நீட்டுனேன்" என்றாள் பூமாரி.

வைகுண்டராஜ் சிரிக்கவில்லை. "தன் நலிவைத் தானே உணராத அளவுக்கு நலிந்திருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். பிறகு சண்முகராஜ் நலிவு என்றால் என்ன என்று விளக்கினார். ஒன்றுமில்லாமல் போவது, தேய்ந்து போவது, கேட்க நாதியற்றுக் கிடப்பது. பலவேசம் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்ப நல்லா இருக்கறவனுக்குக் கூரை கெடையாதாய்யா?"

"நன்றாக இருப்பவனுக்கு அரசாங்கம் எதற்கு?" என்றார் வைகுண்டராஜ்.

அன்று சாயங்காலம் நேரில் ஆய்வு செய்ய மேடைக்கு வந்தார். முன்வரிசையில் நாற்காலி போட்டோம். கூட்டம் பஜாரின் பாதிவரை நின்றது. பலவேசம் தாசில்தார் ஆபீஸில் தன் எருமைக்கு வயதுச் சான்றிதழ் வாங்கிய கதையைச் சொன்னார். வைகுண்டராஜும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததை நான் பார்த்தேன். நாடகம் முடிந்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது.

"இதுவா நலிந்த கலை? இவ்வளவு கூட்டம்! இவ்வளவு சிரிப்பு! ஏமாற்றுகிறீர்களா ஆணையத்தை? விதி தெளிவாக இருக்கிறது. தொடர்ந்து ஆறு மாதம் ஒரு நிகழ்ச்சிகூட நடக்காமல் இருந்தால்தான் அந்தக் கலை நலிந்ததாகக் கருதப்படும். நலியாத ஒன்றுக்கு நான் எப்படிப் புத்துயிர் ஊட்டுவேன்? என் வேலையை நீங்கள்தான் கெடுக்கிறீர்கள்."

"ஆறு மாசந்தான மாமா" என்றாள் பூமாரி, வீட்டுக்குப் போகும் வழியில். "நம்ம காலத்துலயே கூரை வந்துரும்னா, அடக்கிக்கிட்டு இருந்துருவோம்." அந்த வாரத்திலிருந்து நாடகம் நின்றது.

அடுத்தது கடைவீதி. அதுவும் நலிந்திருக்க வேண்டுமே. மறு ஆய்வுக்கு அலுவலர் வரும் நாளில் எல்லோரும் கடையை அடைத்துவிட வேண்டும் என்று சண்முகராஜ் வீடு வீடாக வந்து கும்பிட்டார். "ஒரு நாளு செத்த மாதிரி கெடங்க அண்ணாச்சி, அப்பறம் சர்க்காரு பணம் பூராவும் நமக்குத்தான்" என்றார். அடைத்தோம். வைகுண்டராஜ் வெறும் பஜாரில் முழு நீளத்துக்கும் ஒரு நாயோடு நடந்து போனார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதர் நடந்து நான் பார்த்ததில்லை. கடைசியில் தாகமெடுத்து டீ கேட்டார். டீக்கடையும் அடைப்பு. "ஒரு வாய் தேநீருக்கும் வழியற்ற அவலம்" என்று அதையும் எழுதிக்கொண்டார்.

நான் அன்று பூட்டிய கடைக்குள் உட்கார்ந்து கதவிடுக்கு வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உழைத்துச் சாப்பிடுகிறவனைச் செத்தவன் மாதிரி நடி என்று சொல்ல எவனுக்கு என்ன உரிமை என்று பற்களைக் கடித்தேன். பல்தான் வலித்தது.

நாடகம் இல்லாத சந்தை நாட்களில் ஜனங்கள் பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறிவிட்டார்கள். எங்கள் கடைகளுக்கும் சீக்கிரம் இருட்டியது. பூமாரி சண்முகராஜின் கிடங்கில் ஏலக்காய் பொறுக்கப் போனாள். பலவேசம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவர் ஒழுங்காக நலிகிறாரா என்று பார்க்க ஆணையம் ஒரு கண்காணிப்பாளரை நியமித்திருந்தது. அவரும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் டீக்கடைக்காரர் கேட்டார்:

"அண்ணே, சீனி போதுமா?"

"நலிஞ்சவனுக்கு எதுக்குப்பா சீனி? பக்கத்துல இருக்கற சார் கிளாசுல போடு. அவுகதான் என்னயப் பாத்துப் பாத்து எளைச்சுட்டாக."

டீக்கடையே சிரித்தது. கண்காணிப்பாளர் கொஞ்சம் சிரித்துவிட்டுக் குறிப்பு எழுதினார். நான்காம் நாள் ஆணையத்திலிருந்து ஓலை வந்தது. பொது இடத்தில் பலர் முன்னிலையில் நகைச்சுவை நிகழ்த்தியிருக்கிறீர்கள், ஆகவே ஆறு மாதக் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

அதற்குப் பிறகு பலவேசம் வாயைத் திறப்பதில்லை. "நல்லாருக்கீகளா" என்று கேட்டால்கூட பயந்துபோய் சுற்றிலும் பார்ப்பார். நல்லாயிருக்கேன் என்று சொன்னாலும் ஆபத்து, நல்லாயில்லை என்று அவர் சொன்னால் அவர் சொல்லும் விதத்தில் நமக்குச் சிரிப்பு வந்துவிடும், அதுவும் ஆபத்து.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழா வந்தது. எத்தனையோ வருஷமாக கௌமாரியம்மன் கோயில் திருவிழாவில் ஓர் இரவு நாடகம் பலவேசத்துக்குத்தான். ஊர்க்காரர்கள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வதுதான் வழக்கம். அன்று பலவேசம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்னப்பா, ஆத்தா கூப்புடுறா, கைய நீட்ட மாட்டியா?" என்றார் வந்தவர்களில் மூத்தவர்.

பலவேசம் வாயைத் திறந்தார், மூடினார். பூமாரிதான் சொன்னாள்: "இப்ப முடியாதுங்க. நாங்க நலிஞ்சுக்கிட்டு இருக்கோம்."

அவர்களுக்குப் புரியவில்லை. தலைக்கனம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, தாம்பாளத்தோடு திரும்பிப் போனார்கள். திருவிழாவுக்கு வேறு ஊர்க் குழு வந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அந்தக் குழுவின் ஒலிபெருக்கிச் சத்தத்தைப் பலவேசம் கேட்டுக்கொண்டிருந்ததாக அழகர் என்னிடம் சொன்னார். சொல்லும்போது அழகர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அந்த ஜீப்பை அன்று தள்ளிவிட்ட சுமைதூக்கிகளைக் கூப்பிட்டு, அதை எங்கேயாவது கண்மாயில் தள்ளுங்கள் என்று சொல்லத் தோன்றியது.

ஒரு வழியாக ஆறு மாதம் முடிந்தது. கோப்பில் ஒட்டப் புகைப்படம் வேண்டும் என்றார்கள். சிரிக்காமல், சட்டை இல்லாமல், தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு நிற்க வேண்டும். பலவேசம் சோகமாக நின்றார். அவர் சோகமாக நின்றால் யாருக்கு அடக்க முடியும்? போட்டோக்காரர் கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து குலுங்கினார். பல படங்கள் ஆடிப்போய்விட்டன. கடைசியில் பூமாரி அவர் காதருகே போய், "மாமா, வீரபாண்டி வெத்தலைய நெனச்சுக்கங்க" என்றாள். ஒரே தடவையில் படம் சரியாக வந்தது.

படமும் கோப்பும் மேலே போயின. போனவை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகரவே மழைக்காலம் முடிந்து, பனிக்காலம் முடிந்து, மறுபடியும் சாரல் அடிக்கத் தொடங்கிவிட்டது. பிறகு திடீரென்று ஒருநாள் லாரியில் தகரம் வந்து இறங்கியது. மேடைக்குக் கம்பம் நட்டார்கள். கூரை ஏறியது. பலவேசம் வேலைக்காரர்களுக்குக் கூடமாட நின்று கம்பி பிடித்துக் கொடுத்தார். தகரத்தில் முதல் சாரல் விழுந்து தடதடத்தபோது மேடைக்கு நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. அவர் முகத்தில் பழைய பலவேசம் எட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் வேலைக்காரர்கள் மேடையின் நான்கு பக்கமும் இரும்புக் கம்பிக் கதவு வைத்துப் பூட்டினார்கள். மேலே பலகை ஏறியது: "பஜார் நாடகக் கலை நினைவுக்கூடம்".

பலவேசமும் பூமாரியும் நானும் மறுபடி ஏலக்காய் கிடங்குக்கு ஓடினோம். வைகுண்டராஜ் பொறுமையாகவே விளக்கினார்.

"நலிந்த கலைக்குப் புத்துயிர். மறைந்த கலைக்கு நினைவுக்கூடம். ஆறு மாதம் நடக்காமல் இருந்தால் நலிவு. ஒரு வருஷம் தாண்டிவிட்டால் மறைவு. உங்கள் கோப்பு எங்கள் அலுவலகத்தில் ஒரு வருஷத்தைத் தாண்டிவிட்டது. நாங்கள் என்ன செய்ய முடியும்? நீங்கள் கொஞ்சம் அவசரப்பட்டு மறைந்துவிட்டீர்கள்."

"நீங்க நிறுத்தச் சொன்னீக, நிறுத்துனோம்யா" என்றார் பலவேசம். பல மாதங்களுக்குப் பிறகு அவர் பேசிய முதல் வாக்கியம் அது. "தொறந்துவிடுங்க, இன்னைக்கே ஆடுறோம்."

"நினைவுக்கூடத்தில் நிகழ்ச்சி நடத்த விதியில்லை. நடந்துகொண்டிருப்பதை யாராவது நினைவுகூர்வார்களா? நீங்களே சொல்லுங்கள்."

திறப்பு விழாவுக்கு வாழைமரம் கட்டி, மூன்று மேளம் வைத்திருந்தார்கள். மேடைக்குள், கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம், சுவரில் பலவேசத்தின் அந்தப் புகைப்படத்தைப் பெரிதாக்கி மாட்டி, சந்தன மாலை போட்டு, பொட்டு வைத்து, கீழே விளக்கும் ஏற்றி வைத்திருந்தார்கள். மாலை போட்ட படத்துக்கு எதிரே, கம்பிக்கு வெளியே பலவேசம் நின்றார். அவரைச் சண்முகராஜ் தோளைப் பிடித்து ஒரு வாழைமரத்துக்குப் பின்னால் தள்ளினார். "நீ கண்ணுக்குத் தெரியாம நில்லுப்பா. பாக்குறவுகளுக்குக் கொழப்பமா இருக்கும்ல."

வைகுண்டராஜ் ஒலிபெருக்கி முன் நின்றார்.

"பெரியோர்களே! தாய்மார்களே! இந்தக் கடைவீதியில் ஒரு காலத்தில் கலை இருந்தது. சிரிப்பு இருந்தது. கூட்டம் இருந்தது. என் கண்ணாலேயே பார்த்தேன். ஆணையம் வந்தது. இன்று எதுவும் இல்லை. பூட்டைப் பாருங்கள், புரியும். இப்படி ஒரு மகத்தான கலையைப் பாதுகாக்க நாங்கள் எடுத்துக்கொண்ட பாடு கொஞ்சமல்ல. இனி இதை யாரும் கெடுக்க முடியாது, ஏனென்றால் இனி இதை யாரும் நடத்த முடியாது. அடுத்து நாங்கள் போடிக்குச் செல்கிறோம். அங்கேயும் இதேபோல் செய்து முடிப்போம் என்று உறுதி கூறுகிறேன். இப்போது மறைந்த பலவேசம் கலைக்கு அனைவரும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம்."

எல்லோரும் எழுந்தார்கள். மேளக்காரர்களும் எழுந்தார்கள். பலவேசமும் வாழைமரத்துக்குப் பின்னால் தலையைக் குனிந்து நின்றார். தன் சாவுக்குத் தானே நின்று மௌனம் காத்த ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பூமாரி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாலையைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள். பிறகு தன் கழுத்துத் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு மெல்ல முன்னால் வந்தாள்.

"அய்யா, துக்க வீடுன்னு சொல்லிப்புட்டு எல்லாரும் இப்பிடி ஊமையா நின்னா எப்பிடிய்யா? எங்க ஊருப் பக்கம் சாவுன்னா அழுகணும்."

சொல்லிவிட்டு, படத்தைப் பார்க்காமல், வைகுண்டராஜுக்கு நேர் எதிரே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள். மார்பில் ஓர் அடி அடித்தாள். மேடையிலிருந்து கடைசி வரிசைவரை கேட்ட அந்தக் குரல் ஒரு வருஷத்துக்கு மேல் அடைபட்டுக் கிடந்தது.

"கண்ணாடி போட்ட தொரையே, என்னப் பெத்த மவராசா,
முன்னாடி நின்னீகளே, மூச்சடங்கிப் போனீகளே!
ஆடாத மேடைக்கு அழகாக் கூர போட்டு,
பாடாத பூட்டுப் பூட்டி, பாடையேறிப் போனீகளே!
வைகை தண்ணி வாயில் விட ஆளில்லாமப் போனீகளே!
வைகுண்டம் போனீகளே, வழி சொல்லாமப் போனீகளே!"

வைகுண்டம் என்றதும் அலுவலருக்குத் தன் பெயர் காதில் விழுந்துவிட்டது. "யாருக்கு அழுகிறாய்? நிறுத்து! நான் உயிரோடு இருக்கிறேன்!" என்று ஒலிபெருக்கியிலேயே கத்தினார்.

"எம் புருசனும் உசுரோடதான்யா இருக்காரு!" என்றாள் பூமாரி, அடுத்த அடியை மார்பில் போட்டுக்கொண்டே. "நீங்க மாலை போட்டீக, நான் அழுகுறேன். மொறைக்கு மொற சரியாப் போச்சு."

கிடங்கில் அவளோடு ஏலக்காய் பொறுக்கிய பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்து ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டார்கள். காய்கறிக்காரப் பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தார்கள். எங்கள் கிறிஸ்தவ சபையில் ஒப்பாரி கிடையாது, சாவு வீட்டில் பாட்டுப் புத்தகம்தான். ஆனாலும் என் மனைவி சாராள் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து அந்த வட்டத்துக்குள் புகுந்து மாரடித்ததை நான் பார்த்தேன். ராகம் அவளுக்குச் சரியாக வரவில்லை, கோபம் சரியாக வந்தது. பஜார் முழுக்கப் பெண்களின் குரல். வைகுண்டராஜ் தன் மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு ஜீப்பை நோக்கி ஓடினார். ஜீப் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. இந்தத் தடவை தள்ளிவிட எந்தச் சுமைதூக்கியும் வரவில்லை. அவர் அல்லிநகரம் வரைக்கும் நடந்தே போனார். அழுகைச் சத்தமும் அவருக்குப் பின்னால் போயிற்று.

பூட்டு மட்டும் திறக்கவில்லை. கூரை இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. உள்ளே பலவேசம் மாலையோடு இருக்கிறார், வெளியே பலவேசம் டீக்கடை பெஞ்சில் இருக்கிறார். யாரும் ஆணையத்திடம் ஏன் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த வெட்கக்கேட்டையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து ஆணையத்திலிருந்து பூமாரி பெயருக்கு ஓலை வந்தது. என் கடைக்குக் கொண்டுவந்து என்னைப் படிக்கச் சொன்னாள். பலவேசமும் கூட வந்திருந்தார். நான் உரக்கப் படித்தேன்: "கடைவீதியில் தங்களால் நிகழ்த்தப்பட்ட ஒப்பாரி என்னும் கலை ஆணையத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. அது நலிந்துள்ளதா, மறைந்துள்ளதா என்பதை நேரில் ஆய்வு செய்ய அதிகாரிகள் வர இருக்கிறார்கள். ஆய்வின்போது ஒப்பாரி பாடிக் காட்டத் தயாராக இருக்கவும்."

பூமாரி ஓலையை என் கையிலிருந்து வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வரச் சொல்லி எழுதுங்க அண்ணாச்சி. பாடிக் காட்டுறேன். ஆனா ஒப்பாரின்னா நடுவுல பொணம் ஒண்ணு கெடக்கணும்ல. வாரவுகள்ல யாரு படுக்கப் போறாகன்னு முன்னாலயே முடிவு பண்ணிக்கிட்டு வரச் சொல்லுங்க."

பலவேசம் என் கடையில் அடுக்கிக் கிடந்த தகரத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். தகரம் தடதடவென்று ஆடியது. ஆணையம் திரும்ப அழைக்க மறந்திருந்த கண்காணிப்பாளர் டீக்கடை பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்துக் குறிப்பேட்டை எடுத்தார். "எழுதுய்யா, நல்லா எழுது!" என்று பலவேசம் அவரைப் பார்த்துக் கத்திச் சிரித்தார்.